திரைக்குப் பின்னே ஒரு கை: நேரடி ஒளிபரப்புச் சொற்களின் வரலாறு

'வீடியோ' என்னும் சொல்லை இன்று மழலை மாறாத குழந்தையும் சொல்லுகிறது. அது இலத்தீன் சொல் என்பதும், 'நான் காண்கிறேன்' என்பதே அதன் பொருள் என்பதும் இலத்தீன் திருப்பலியில் பீடச் சிறுவராய் நின்ற மூத்த தலைமுறையினருக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் நேரடி ஒளிபரப்பின் முன் அமர்ந்து 'நான் காண்கிறேன்' என்று நாம் சொல்லும்போது அது முழு உண்மையாவதில்லை. நமக்கு முன்னமே வேறொருவர் கண்டுவிட்டார். நான்கைந்து கேமராக்கள் ஒரே நேரத்தில் அனுப்பும் காட்சிகளுள் ஒன்றை அவர் தேர்ந்தார், ஏனையவற்றை விட்டார். அவர் விட்டவற்றை நாம் ஒருபோதும் காணப்போவதில்லை.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து கோவில் கதவுகள் அடைபட்டபோது, நம் பங்குகள் பலவற்றில் திருப்பண்ட அறையின் ஓரத்தில் ஒரு மேசை முளைத்தது. மேசைமேல் பித்தான்கள் நிறைந்த சிறு பெட்டி. அதிலிருந்து பீடம் வரை கேபிள்கள். அதன் முன்னே பங்கின் இளைஞர் ஒருவர். 'கேமரா இரண்டு ஸ்டாண்ட்-பை... டேக்' என்று அவர் மெல்லிய குரலில் சொல்வதைக் கேட்டு, இது என்ன புது மந்திரமோ என்று உபதேசியார் வியந்த ஊர்களும் உண்டு. ஊரடங்கு போயிற்று, மேசை போகவில்லை. திருவிழாக்களில் எல்.இ.டி. திரைக்கும் அதே மேசைதான் படம் அனுப்புகிறது. ஆதலின் அந்த மேசையில் வழங்கும் சொற்களையும் அவை வந்த வழியையும் இறைமக்கள் அறிந்திருப்பது நலம் என்று கருதுகிறோம்.

அந்தப் பெட்டிக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'ஸ்விட்சர்'. ஆங்கிலேயர் இட்ட பெயர் 'விஷன் மிக்ஸர்'. இங்கிலாந்தில் பெட்டிக்கும் அதை இயக்குபவருக்கும் அந்த ஒரே பெயர்தான். ஒருவர் மாற்றுதலை முதன்மையாக எண்ணினார், மற்றவர் கலத்தலை எண்ணினார் என்பதன்றிப் பொருள் வேறுபாடு ஏதுமில்லை. (நம்மூரில் மிக்ஸர் என்றால் கடலையும் ஓமப்பொடியும் கலந்த பொட்டலம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதுவும் பொருந்தாத உவமையன்று.)

மாற்றும் வகைகளுள் மிகப் பழையது எது என்று நோக்கினால், மின்சாரத்துக்கும் முந்திய காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. உரோமைக் கல்லூரியில் கற்பித்த இயேசு சபைக் குரு அத்தனாசியஸ் கிர்ச்சர் ஒளியையும் நிழலையும் பற்றிய தம் பெருநூலை 1646-இல் வெளியிட்டார். 1671-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், விளக்கொளியால் சுவரில் ஓவியம் விழச் செய்யும் மாய விளக்கின் படங்கள் உள்ளன. இதனால் அந்தக் கருவியைக் கண்டவர் அவரே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில், ஹாலந்து அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-லேயே அதை அமைத்திருந்தார். நம் சபைக் குரு ஒருவரின் புகழில் சிறிது குறைவதில் வருத்தம் கொள்ள வேண்டியதில்லை. கருவியை உலகறியச் செய்ததில் அவர் பங்கு பெரிது.

19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டனில் ஹென்றி லாங்டன் சைல்டு என்பவர் இத்தகைய விளக்குகள் இரண்டை ஒரே இடத்தில் ஒளி விழுமாறு வைத்துக் காட்சி நடத்தினார். ஒன்றன் ஒளி மெல்லக் குறையும். மற்றதன் ஒளி மெல்லக் கூடும். கோடைக்கால ஆலை மக்களின் கண்ணெதிரே பனிக்கால ஆலையாக மாறும். இதை 'கரையும் காட்சிகள்' என்று அழைத்தார்கள். இன்று கலவைப் பலகையில் 'டிசால்வ்' என்றும் 'மிக்ஸ்' என்றும் சொல்லப்படுவது இதுவே. பலகையின் வலப்புறத்தில் 'டி' எழுத்தின் வடிவில் ஒரு கோல் நிற்கும். அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுகையில், முதற்காட்சியின் பங்கு நூற்றிலிருந்து இறங்க, அடுத்த காட்சியின் பங்கு அதே அளவு ஏறுகிறது. நடுவழியில் இரண்டும் பாதிப்பாதி. இரு விளக்குகளின் வேலையை ஒரு கோல் செய்கிறது, அவ்வளவே. அடுத்த காட்சிக்குப் பதில் வெறும் கருமை இருந்தால் அது 'ஃபேட்'.

'கட்' என்பது திரைப்படத்தாரின் கத்தரிக்கோலிலிருந்து வந்த சொல். படச்சுருளை வெட்டி, வேறொரு துண்டை ஒட்டினால், திரையில் ஒரு காட்சி நின்று அடுத்தது நொடியும் தாமதியாமல் தோன்றும். சொல் ஒன்றாயினும் செயலில் பெரும் வேறுபாடு உண்டு. திரைப்படத் தொகுப்பாளர் வெட்டியதை மறுநாள் மீண்டும் ஒட்டிப் பார்க்கலாம். நேரடி ஒளிபரப்பில் வெட்டியது வெட்டியதே. பத்திரிகையில் பிழை திருத்தம் போடுவது போல அங்கே எதுவும் போட இயலாது.

இந்த 'கட்' மின்னணுக் கருவியில் எளிதாக வந்துவிடவில்லை. 1937 மே 12 அன்று இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பி.பி.சி. தொலைக்காட்சி இலண்டன் ஹைட் பார்க் முனையில் மூன்று கேமராக்களை நிறுத்தி நேரடியாகக் காட்டியது. மூன்று கேமராக்கள் என்றவுடனேயே ஒரு சிக்கல் எழுகிறது. தொலைக்காட்சிப் படம் ஓவியம் போல முழுதாக வருவதன்று. நெசவாளர் ஊடிழை ஓட்டுவது போல இடமிருந்து வலமாக வரிவரியாக, மேலிருந்து கீழாக வரையப்படுவது. நம் நாட்டில் பின்னாளில் வழங்கிய முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக வரையப்பட்டது. ஒரு கேமரா பத்தாம் வரியிலும் மற்றொன்று முந்நூறாம் வரியிலும் இருக்கும்போது மாற்றினால் என்னாகும்? வீட்டுப் பெட்டியில் படம் கிழிந்து உருளும்.

ஆகவே எல்லாக் கேமராக்களும் ஒரே தாளத்துக்கு ஆடவேண்டும். தாளம் போடுவதற்கென்றே தனியொரு கருவி துடிப்புகளை அனுப்பும். கேமராக்கள் யாவும் அதற்குக் கட்டுப்படும். இதற்கு 'ஜென்லாக்' என்று பெயர். பாடகர் குழுவில் குரல் நல்ல பலர் இருந்தும் தாளம் தட்ட ஒருவர் இல்லாவிடில் என்ன நேரும் என்பதை நம் பங்குப் பாடகர் குழுக்களை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தாளம் ஒன்றானாலும் எந்தக் கணத்திலும் மாற்றிவிட முடியாது. அடிவரியை வரைந்து முடித்த மின்கதிர் மீண்டும் தலைவரிக்கு ஏறுவதற்கு ஒரு சிறு இடைவேளை வேண்டும். அப்போது திரையில் எதுவும் எழுதப்படுவதில்லை. 625 வரி முறையில் அந்த இடைவேளை 25 வரிகளின் நேரம். ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்றரைக் கூறுக்குச் சற்று மேல். விரல் எப்போது பித்தானை அழுத்தினாலும், நல்ல கருவி அடுத்த இடைவேளை வரை காத்திருந்து அப்போதே மாற்றும். கண் அதை அறியாது. 1970-களில், தாளம் தப்பி வரும் படத்தையும் முழுதாக நினைவில் வாங்கி வைத்து, உரிய நேரத்தில் வெளிவிடும் கருவிகள் வந்தன. இன்று பங்குக் கோவில் மேசையிலுள்ள சிறு பெட்டி, எந்தக் கடையில் வாங்கிய கேமராவையும் ஏற்றுக்கொள்கிறதென்றால் அந்த ஏற்பாடு அதனுள்ளேயே அடங்கியிருப்பதே காரணம்.

இனித் திருவழிபாட்டுக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. தொமினிக்கன் சபைக் குரு இரேமோன் பிஷார் விளக்கவுரை வழங்கினார். அதே இரவில், கடிகாரக் கணக்கில் சில மணிநேரம் பிந்தி, நியூயார்க் புனித பத்ரிக் பேராலயத் திருப்பலியும் ஒளிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டு, 1949 அக்டோபரில், பிரான்சில் ஞாயிறு ஒளிபரப்பு தொடங்கியது. 'ஆண்டவரின் நாள்' என்னும் பொருளுடைய பெயரில் அது இன்றும் தொடர்கிறது.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1953-இல் இறையியலறிஞர் கார்ல் ரானர் திருப்பலியைத் தொலைக்காட்சியில் காட்டுவதை வன்மையாக மறுத்து எழுதினார். தொடக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெறாதோர் இறைவார்த்தை வழிபாட்டுடன் அனுப்பி வைக்கப்பட்டனர். நற்கருணை மறைபொருள் நம்பிக்கையுள்ளோர் நடுவில் மட்டுமே கொண்டாடப்பட்டது. நம்புகிறவரும் நம்பாதவரும், செபிப்பவரும் வேடிக்கை பார்ப்பவரும் ஒன்றுபோல் காணுமாறு அதை வீதியில் வைக்கலாமா என்பது அவர் கேள்வி. காலம் அவர் பக்கம் தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் கேள்வி செத்துவிடவுமில்லை என்பதே எமது எண்ணம். இன்று கைப்பேசியில், சமையலுக்கும் சண்டைக்காட்சிக்கும் நடுவில், விரலின் ஒரு தள்ளலில் திருப்பலி வந்து போகிறது.

அதே 1953-இல் ஜூன் 2 அன்று இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் வழிபாடாயினும் நம் பொருளுக்கு அது மிக வேண்டிய வரலாறு. முதலில், ஆலயத்தின் உட்பகுதியில் தொலைக்காட்சிக்கு இடமில்லை என்றே அறிவித்தார்கள். பிரதமர் சர்ச்சிலும் காண்டர்பரி பேராயர் பிஷரும் அக்கருத்தினரே. மக்களிடையேயும் இதழ்களிலும் எதிர்ப்பு எழவே, 1952 டிசம்பரில் முடிவு மாறிற்று. ஆனால் சில கட்டளைகளுடன்: அரசியின் முகத்தை மிக அண்மையில் காட்டலாகாது, அவர் அபிஷேகம் பெறுவதையும் நற்கருணை பெறுவதையும் காட்டலாகாது.

ஒளிபரப்பைப் பொறுப்பேற்று நடத்தியவர் பீட்டர் டிம்மக். பிரிட்டனில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். நான்கு பக்கமும் பிரபுக்கள் தூக்கிப் பிடித்த விதானத்தின் கீழ் அரசி எண்ணெய் பூசப்பெற்ற அந்த வேளையில், அத்தனை கோடிக் கண்களும் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தன. பார்க்க முடியாததால் அன்று. ஒருவர் கை மாற்றியதால். 'கட்' என்னும் சொல்லுக்கு மறைத்தல் என்றும் ஒரு பொருளுண்டு என்பதை அன்றுதான் உலகம் கண்டது எனலாம். மறைத்ததால் அந்தச் சடங்கின் மேன்மை குறைந்ததா? காட்டப்பட்ட மகுடத்தைவிடக் காட்டப்படாத எண்ணெயைப் பற்றியே இன்றும் அதிகம் பேசுகிறார்கள். ஆனால் டிம்மக், ஒத்திகையில் காட்டியதைவிட அண்மையில் அரசியின் முகத்தை விழாவன்று காட்டிவிட்டார் என்பதும் வரலாறே. கட்டளை தாளில் இருந்தது; தேர்வு விரலில் இருந்தது.

திருச்சபையும் சும்மா இருக்கவில்லை. 1957 செப்டம்பர் 8 அன்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் பற்றித் தனிச் சுற்றுமடல் வெளியிட்டார். தொலைக்காட்சித் திருப்பலியால் நோயாளர் பெறும் ஆறுதலை அவர் வரவேற்றார். ஆனால் கடன் திருநாளில் நேரில் பங்கேற்பதற்கு அது ஈடாகாது என்பதையும் தெளிவாக்கினார். அதே ஆண்டு பிப்ரவரி 14 நாளிட்ட மடலில் அசிசி நகர்ப் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாகவும் அறிவித்தார். 1252 கிறிஸ்து பிறப்பு இரவில், நோயுற்றுப் படுக்கையில் கிடந்த கிளாரா, தொலைவில் புனித பிரான்சிஸ் பேராலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்னும் மரபே அதற்குக் காரணம். அவருக்கும் பேராலயத்துக்கும் இடையே மேசையும் இல்லை, விரலும் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டின் 20-ஆம் எண், இரண்டே வரிகளில் இப்பொருளை முடித்துவிடுகிறது. வானொலி, தொலைக்காட்சி வழியாகத் திருச்சடங்குகளை, சிறப்பாகத் திருப்பலியை, ஒலிபரப்புவது அடக்கத்தோடும் மாண்போடும் நிகழவேண்டும். ஆயர்கள் நியமித்த தகுதியுள்ள ஒருவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய விதித்தொகுப்பும் அதே நாளில்தான் வெளிவந்தது.

நம் நாட்டில் தில்லித் தொலைக்காட்சி 1959-இல் தொடங்கியிருந்தும், பம்பாய்க்கு அது 1972-இல்தான் வந்தது. ஆகவே 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் பம்பாய் வந்தபோது, அந்நகர மக்களுக்கு அவரை வீட்டில் இருந்து காணும் வழியில்லை. திரளோடு திரளாய் நின்றே காண வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 4 அன்று அவர் நியூயார்க் ஐக்கிய நாடுகள் அவையில் பேசியதைப் பல நாடுகளின் மக்கள் நேரடியாகக் கண்டார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் பிறந்தது. வத்திக்கானுக்கென்று சொந்தத் தொலைக்காட்சி மையம் 1983 அக்டோபர் 22-இல்தான் அமைந்தது.

பலகைக்குத் திரும்புவோம். அதில் பித்தான்கள் இரு வரிசையாக இருக்கும். மேல்வரிசை 'புரோகிராம்': இப்போது மக்கள் காண்பது. கீழ்வரிசை 'பிரிவியூ': அடுத்துக் காணப்போவது, இப்போதைக்கு இயக்குபவர் மட்டும் காண்பது. 'டேக்' என்றதும் இரண்டும் இடம் மாறுகின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் 'பஸ்' என்று பெயர். நாம் ஏறிச் செல்லும் பேருந்தும் இந்தப் பஸ்ஸும் ஒரே தாயின் பிள்ளைகள். 'ஓம்னிபுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வால் அது. 'அனைவருக்கும்' என்று பொருள். பழைய பாவ அறிக்கைச் செபத்தில் புனிதர் அனைவரையும் குறிக்குமிடத்தில் அச்சொல்லை நாம் நாள்தோறும் உச்சரித்தோம். மின்துறையில், பல கம்பிகளுக்கும் பொதுவாக மின்சாரம் தரும் உலோகப் பட்டைக்கு அப்பெயர் வந்து, அங்கிருந்து இந்தப் பலகைக்கும் ஏறிற்று. கேமராவின் நெற்றியில் எரியும் சிவப்பு விளக்குக்கு 'டாலி' என்று பெயர். வெட்டிய குச்சி என்று பொருள்படும் 'தாலேயா' என்னும் இலத்தீன் சொல் அதன் மூலம். கடன் கணக்குக்காகக் கீறல் இட்ட குச்சிகளை ஆங்கிலேயர் அப்படி அழைத்தனர். (அவர்களுடைய கருவூலத்தின் பழைய குச்சிகளை 1834-இல் எரித்தபோதுதான் பாராளுமன்றக் கட்டடமே தீப்பற்றி எரிந்தது.) சிவப்பு எரிந்தால் அந்தக் கேமராவின் படம் மக்கள்முன் இருக்கிறது, கேமராக்காரர் அசையலாகாது.

'கீ' என்பது ஒரு படத்தில் துளையிட்டு அத்துளையில் வேறொரு படத்தைப் பொருத்துவது. பாடல் வரிகளும் வாசகங்களின் பெயர்களும் திரையின் அடியில் தோன்றுவது இதனால். பச்சை நிறத்தை மட்டும் துளையாக்கினால் அது 'குரோமா கீ'. வானிலை அறிவிப்பாளர் வரைபடத்தின் முன் நிற்பது போல் தோன்றுவது அவ்வாறே. எல்லாக் கலவையும் முடிந்தபின் கடைசியில் எழுத்தைச் சேர்ப்பதற்குத் தனி ஏற்பாடு உண்டு. பின்னணியில் காட்சிகள் எத்தனை மாறினாலும் எழுத்து அசையாது நிற்கும்.

'வைப்' என்பது துடைப்பு. ஒரு காட்சியை ஓரத்திலிருந்து துடைத்தபடியே அடுத்தது வரும். நம் திருமண வீடியோக்களில் மணமக்கள் இதய வடிவத்துக்குள்ளிருந்தும் ரோசாப்பூவுக்குள்ளிருந்தும் வெளிப்பட்டது நினைவிருக்கலாம். மண்டபத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். கோவிலில் அதற்கு வேலையில்லை என்று தயக்கமின்றிச் சொல்வோம். நற்கருணை எழுந்தேற்றத்தைச் சதுரங்கள் சுழன்று விழுங்குவதைக் கண்டவர்கள் எமது கருத்தை மறுக்கமாட்டார்கள்.

டிசால்வைப் பற்றி அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அது அழகானது, அதுவே அதன் இடர். உயர்த்தப்பட்ட அப்பத்தின்மேல் அழும் தாய் ஒருவரின் முகம் மெல்லக் கரைந்து வந்தால் பார்ப்பவர் நெஞ்சு உருகும். ஆனால் அந்தத் தாய் தம் கண்ணீரை ஊருக்குக் காட்டவா கோவிலுக்கு வந்தார்? அவரிடம் யாரும் கேட்கவில்லை. நற்கருணை பெறும் வரிசையில் நாக்கையும் கையையும் நீட்டும் முகங்களைத் திரை நிறையக் காட்டும் வழக்கமும் இப்படிப்பட்டதே. 1953-இல் ஓர் அரசிக்குக் கிடைத்த மறைவு நம் பங்கின் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். எழுந்தேற்றத்தின்போது ஒரே கேமரா, சற்றுத் தொலைவிலிருந்து, எந்த மாற்றமும் இன்றி நின்றால் போதும். பித்தான்களுக்கு அப்போது ஓய்வு.

2005 ஏப்ரல் 8 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் அடக்கத் திருப்பலியை நேரடியாகக் கண்டவர்களுக்கு மறையுரையின் சொற்கள் மறந்திருக்கலாம். சவப்பெட்டியின்மேல் விரித்து வைத்த நற்செய்தி நூலின் ஏடுகளைக் காற்று ஒவ்வொன்றாய்ப் புரட்டியதும், கடைசியில் நூல் மூடிக்கொண்டதும் மறந்திராது. காற்றுக்கு ஒத்திகை இல்லை. வளாகத்தில் கர்தினால்களும் மன்னர்களும் அரசுத் தலைவர்களும் திரண்டிருக்க, ஒரு புத்தகத்தைக் காட்டத் தகும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்தார்.

2020 மார்ச் 27 மாலை மழையில் நனைந்த வெற்றுச் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்து ஏறியபோது காட்டுவதற்கு மக்கள் கூட்டம் இல்லை. புனித மார்செல்லோ ஆலயத்துச் சிலுவையில் வழிந்த மழைநீர், ஈரக் கற்கள், ஆசீர் வேளையில் மணியோசையோடு கலந்த அவசர ஊர்தியின் ஒலி, இவைதாம் இருந்தன. பேராலய வாயிலில் அவர் நற்கருணை ஆசீர் அளிக்கையில், இந்தியாவில் ஊரடங்கின் மூன்றாம் நாள் இரவு. நம் இளைஞர்கள் பலர் அதன்பின் வந்த குருத்து ஞாயிறன்றுதான், ஏப்ரல் 5-இல், முதன்முறையாகத் தங்கள் பங்கின் மேசைமுன் அமர்ந்து மேல்வரிசையில் ஒரு பித்தானை அழுத்தினார்கள்.